பழத்தோடு இருப்பவரின் நம்பர்

சித்தூர்
9.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நலம். நீங்களும் நலமாகத்தான் இருப்பீர்கள், கம்பெனி கேன்டீன் சாப்பாட்டைப் பற்றி அவ்வளவு பெருமை அடித்தீர்களே.

என்னடா இவள் காகிதத்தில் எழுதுகிறாள் என்று பார்க்காதீர்கள். போனில் பேசினால் "திருப்பதிக்கு வந்துடு" என்பீர்கள், "வேலையை விட மாட்டேன்" என்பேன், யாராவது ஒருத்தர் டப்பென்று வைத்துவிடுவோம். யுகாதியிலிருந்து இதே கதை. காகிதத்தை நடுவில் கட் பண்ண முடியாது.

ஒரு சேதி. மாம்பழக் கூழ் ஆலையின் கேட்டில் நான் சீட்டு கிழித்துக் கொடுக்கிறதுதான் உங்களுக்குத் தெரியும். போன சீசனில் டிராக்டர்கள் ரோடு வரைக்கும் நின்றன. பழம் வெயிலில் வெந்தது, கொண்டுவந்தவர்கள் வண்டிக்கு அடியில் படுத்துக் கிடந்தார்கள். பார்க்கச் சகிக்காமல், "வீட்டிலேயே இருங்க, உங்க முறை வந்தா நான் கூப்பிடறேன்" என்று சிலரை என் போனிலிருந்தே கூப்பிட ஆரம்பித்தேன். அது திருப்பதி ஹெட் ஆபீஸ் வரை போய், இந்த வருஷம் கம்ப்யூட்டரே கூப்பிடுகிற மாதிரி செய்துவிட்டார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்கும் புரியவேண்டுமே, அதனால் மெசேஜ் இல்லை, குரல்தான் போகும் என்று அடம்பிடித்தேன். குரல் யாருடையது என்று நினைக்கிறீர்கள்? உங்கள் பெண்டாட்டியுடையது. தமிழில் ஒன்று, தெலுங்கில் ஒன்று. "உங்க முறை வந்துடுச்சு, இன்னிக்கே பழத்தை ஏத்திக்கினு வாங்க."

சிரிக்காதீர்கள். ஹெட் ஆபீஸில் இதைப் பார்த்துக்கொள்கிற சம்பத்குமார் சார், "யோசனை உன்னுதும்மா, நல்லது கெட்டது ரெண்டும் உன்னுதுதான்" என்று சொல்லிவிட்டார். இந்த சீசன் சோதனை. சரிப்படாவிட்டால் பழையபடி சீட்டு. அந்தச் சீட்டைக் கிழிக்க என்னை விட்டுவைப்பார்களா என்பதும் தெரியாது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். நம் தோட்டத்துக்கு ஆலையில் பதிந்திருக்கிறது உங்கள் நம்பர். உங்கள் போனோ வேலைக்குப் போனதும் லாக்கரில். தோட்டத்திலேயே இருக்கிற உங்கள் நைனாவின் பட்டன் போன் எந்நேரமும் சட்டைப் பையில் இருக்கிறது. அந்த நம்பரையே பதியலாமா என்று அவரைக் கேட்டால், "அது எம் புள்ள நம்பரு. அத எடுத்தா புள்ளயே இல்லன்ற மாதிரி ஆயிடும்" என்கிறார். நீங்கள் ஒரு வார்த்தை சொன்னால் கேட்பார். சொல்லுங்கள்.

இப்படிக்கு,
கோபம் பாதி ஆறிய
பிரமிளா


திருப்பதி
13.6.2025

அன்புள்ள பிரமிளாவுக்கு,

கடிதம் கிடைத்தது. உன் குரலை ஊரே கேட்கப்போகிறது என்பதில் எனக்குச் சந்தோஷம்தான்.

ஆனால் நம்பரை மாற்றச் சொல்லாதே. நான் முதல் போன் வாங்கியதிலிருந்து நம் வீட்டுக்கு அதுதான் நம்பர். கேஸ், ரேஷன், கரண்ட் ஆபீஸ் எல்லாம் என்னைத்தான் கூப்பிடும். இங்கே டிவிக்கு போர்டு மாட்டுகிறேன், ரூமில் படுக்கிறேன், வேறென்ன? வீட்டில் நான் இல்லை, என் நம்பராவது இருக்கட்டும்.

டீ நேரத்தில் லாக்கரைத் திறக்க விடுவார்கள். தினமும் பார்க்கிறேன். கூப்பிட்டால் உடனே நைனாவுக்குச் சொல்லிவிடுவேன். உன் மெஷினுக்கு நான் இடைஞ்சல் என்றால் அதையும் நேராகச் சொல்லிவிடு.

உடம்பைப் பார்த்துக்கொள். சீசன் முடிகிறவரை இப்போது தங்கியிருக்கிற சென்னம்மா அக்கா வீட்டிலேயே இரு, தனியாக ரூம் எடுக்காதே.

அன்புடன்,
பரணி


சித்தூர்
20.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

எப்படி எழுதுவது என்று தெரியவில்லை. நைனா உங்களிடம் பாதிதான் சொல்லியிருப்பார். மீதியை நான் சொல்கிறேன்.

செவ்வாய்க்கிழமை நான் திருப்பதியில் இருந்தேன். ஆமாம், உங்கள் ஊரில்தான். ஹெட் ஆபீஸில் கூப்பிட்டிருந்தார்கள். ஏசி ரூமில் பெரிய பெரிய ஆட்களுக்கு முன்னால் நின்று, "ஒருத்தரும் வரிசையில் காயவில்லை" என்று பெருமையாகச் சொல்லிக்கொண்டிருந்தேன். அந்த நேரத்தில்தான் கம்ப்யூட்டர் நம் தோட்டத்தைக் கூப்பிட்டிருக்கிறது. உங்கள் போன் லாக்கரில். மறுபடி கூப்பிட்டிருக்கிறது. எடுக்க ஆள் இல்லை. முறை அடுத்தவருக்குப் போய்விட்டது.

நைனா அந்த வாரம் முறை வரும் என்று நம்பிப் பழத்தை முன்னாலேயே அறுத்து மரத்தடியில் குவித்து வைத்திருந்தார். நீங்கள் ராத்திரி போன் செய்த பிறகு அவசரமாக ஏற்றிக்கொண்டு, விடிந்ததும் கேட்டுக்கு வந்துவிட்டார். என்னைப் பார்த்ததும் அவர் முகத்தில் ஒரு நிம்மதி. மருமகள்தானே நிற்கிறாள் என்று.

முறை தவறினால் கடைசிக்குப் போகவேண்டும் என்று சட்டம் போட்டவளே நான். அவருக்குப் பின்னால் அத்தனை டிராக்டர்காரர்களும் என்ன செய்கிறாள் பார்ப்போம் என்று நின்றார்கள். பழ வண்டியோடு சத்தியவேடு கமலம்மாவும் நின்றார். அவருக்குத் திங்கட்கிழமையே முறை தவறியது. "நானும் என்னா பண்றது, சட்டம் அப்படி" என்று அவரைக் கடைசிக்கு அனுப்பியவள் நான்தான்.

நைனாவையும் கடைசிக்குப் போகச் சொன்னேன். அவர் பின்னால் நின்ற வண்டிகளைத் திரும்பிப் பார்த்தார். பிறகு, "இது உன் கேட்டும்மா. நீ எங்க நிக்கச் சொல்றியோ அங்க நிக்கிறேன்" என்று சொல்லி வண்டியைத் திருப்பச் சொன்னார். முறை வருவதற்குள் அடிப்பழமெல்லாம் நசுங்கி ஈ மொய்த்துவிட்டது. பாதியை ரோட்டோரம் கொட்டினோம். நானும் சேர்ந்துதான் கொட்டினேன்.

மதியம் சோறு கொண்டுபோய்க் கொடுத்தேன். சாப்பிட்டுவிட்டு, "உப்பு கம்மி" என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது.

நான் செய்தது சரியா தப்பா என்று நீங்களாவது சொல்லுங்கள்.

பிரமிளா


திருப்பதி
23.6.2025

பிரமிளாவுக்கு,

சரியா தப்பா என்று என்னைக் கேட்காதே. அன்றைக்கு யாரோ பார்வையாளர்கள் வந்தார்கள் என்று டீக்குக்கூட வெளியே விடவில்லை. சாயங்காலம் லாக்கரைத் திறந்தால் உன் ஆலையின் மிஸ்டு கால்.

ஒரு வருஷம் தண்ணீர் கட்டி, மருந்தடித்து வளர்த்த பழம். அதை ரோட்டில் கொட்ட வைத்துவிட்டு சட்டம் பேசுகிறாய். ஊரில் யாரைக் கேட்டாலும் இதையேதான் சொல்கிறார்கள், மருமகளே மாமனாரைத் திருப்பி அனுப்பிவிட்டாள் என்று. திருப்பதி வரை வந்தவளுக்கு என்னைப் பார்க்கவும் தோன்றவில்லை.

உன் மெஷின் நன்றாக இருக்கட்டும்.

பரணி


சித்தூர்
26.6.2025

அன்புள்ள மாமாவுக்கு,

திட்டியது நியாயம்தான். பார்க்க வராததற்குக் காரணம் பயம். நேரில் "வந்துடு" என்று சொன்னால் வந்துவிடுவேனோ என்ற பயம். இதை எழுதிவிட்டேன், இனி அடித்து அழிக்க முடியாது.

இப்போது வேறொரு பயம். முறை தவறியவர்கள் யார் யார் என்று பார்த்தேன். கமலம்மா கொடுத்திருப்பது தடா பக்கத்துக் கம்பெனியில் இருக்கிற மகனின் நம்பர். அவரைப் போலத்தான் அநேகமாக எல்லோரும். பழம் ஒரு இடம், போன் ஒரு இடம். அந்தந்தப் பிள்ளைகள் வேலை செய்கிற இடங்களில் போனை வாங்கி வைத்துவிடுகிறார்கள். இது ஏசி ரூமில் யாருக்கும் தோன்றவில்லை. எனக்குத் தோன்றியது, ஆனால் நம் வீட்டுக்கு மட்டும் உள்ள கஷ்டம் என்று நினைத்துவிட்டேன்.

பழத்தோடு இருப்பவர் நம்பரைக் கொடுங்கள் என்று கேட்டுப் பார்த்துவிட்டேன். எல்லா அப்பா அம்மாவும் நைனா மாதிரியே பேசுகிறார்கள். "எம் புள்ள கோச்சுக்கும்" என்கிறார் கமலம்மா. அடுத்த வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்யாவிட்டால் எல்லாவற்றையும் நிறுத்திவிடுவோம் என்று சம்பத்குமார் சார் சொல்லிவிட்டார். நிறுத்தினால் மறுபடி ரோட்டோரம் வரிசை, வண்டிக்கடியில் படுக்கை.

பெற்றவர்கள் நான் சொன்னால் கேட்கமாட்டார்கள், பிள்ளைகள் சொன்னால் கேட்பார்கள். உங்கள் கம்பெனியில், ரூம்களில், நம் பக்கத்துப் பிள்ளைகள் எத்தனையோ பேர். அவர்களை வீட்டுக்குப் போன் செய்து, "என் நம்பரை எடுத்துடு நைனா, எனக்கு ஒண்ணும் கோபமில்ல" என்று சொல்லச் சொல்வீர்களா? முதலில் நீங்கள் சொல்லவேண்டும். உங்களிடம் கேட்க எனக்கு இப்போது என்ன முகம் இருக்கிறது என்று தெரியவில்லை. இருந்தாலும் கேட்கிறேன்.

பிரமிளா


சித்தூர்
2.7.2025

மாமா,

பதில் இல்லை. தபால்காரரைப் பார்த்தாலே கேட்டுக்கு வெளியே ஓடிப் போய்க் கேட்கிறேன். வேண்டாம் என்றாவது ஒரு வரி எழுதுங்கள்.

பிரமிளா


திருப்பதி
5.7.2025

அன்புள்ள பிரமிளாவுக்கு,

பதில் எழுத நேரமில்லை. உன் வேலையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன்.

கேன்டீனில் ஒவ்வொரு மேஜையாகப் போய்க் கேட்டேன். "உன் வீட்ல மாந்தோப்பு இருக்குதா? ஆலையில யார் நம்பர் குடுத்துகிறாங்க?" என்று. முதல் நாள் சிரித்தார்கள். பெண்டாட்டிக்கு வேலை செய்கிறான் என்றார்கள். புத்தூர் பையன் ஒருவன் மட்டும், "எங்க வீட்டுப் பழமும் போச்சு அண்ணா" என்றான். மற்ற மேஜைகளில் பிறகு அவனே பேசினான். ஞாயிற்றுக்கிழமை ரூமுக்கு ரூம் ஒரே போன் சத்தம். தடாவில் இருக்கிற பையன்களுக்கும் சொல்லியாகிவிட்டது. நிறையப் பேர் மாற்றியிருப்பார்கள், உனக்கே தெரிந்திருக்கும்.

நைனாவிடம் நானும் சொன்னேன். அவர் உடனே சரி என்கவில்லை. "நெசமா கோவமில்லியா?" என்று திரும்பத் திரும்பக் கேட்டார். இல்லை என்றேன்.

அடுத்த நாள் வேலை முடிந்து வெளியே வந்தபோது ஆலையிலிருந்து போன். எடுத்தால் உன் குரல். எத்தனை நாளாயிற்று உன் குரலைக் கேட்டு. "உங்கள் எண் நீக்கப்பட்டது, நன்றி" என்று சொல்லி வைத்துவிட்டாய். பஸ் ஸ்டாப்பிலேயே கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டேன். நானே எடுக்கச் சொன்னதுதான். கோபமில்லை என்று நைனாவிடம் சொன்னதும் பொய்யில்லை. இருந்தாலும் வீட்டில் இனி எனக்கு என்ன வேலை என்று பயமாக இருக்கிறது, பிரமிளா.

வெள்ளிக்கிழமை என்ன ஆயிற்று?

பரணி


சித்தூர்
8.7.2025

அன்புள்ள மாமாவுக்கு,

நிறுத்தவில்லை. அந்த வாரம் கூப்பிட்டவர்களில் முறை தவறியவர் ஒருத்தர்கூட இல்லை. அடுத்த சீசனில் மற்ற ஆலைகளுக்கும் போகிறது. சம்பத்குமார் சார் யார் இதைச் சரிசெய்தது என்று கேட்டார். டிவிக்கு போர்டு மாட்டுகிற ஒருத்தர் என்றேன். அவருக்கு விளங்கவில்லை, நானும் விளக்கவில்லை. மிச்சப் பழத்தை நைனா சனிக்கிழமை கொண்டுவந்தார், காத்திருக்காமல் இறக்கிவிட்டுப் போனார். போகும்போது சட்டைப் பையிலிருந்து போனை எடுத்து எனக்குக் காட்டிவிட்டுப் போனார்.

அந்த வாக்கியம் ஹெட் ஆபீஸில் எழுதிக் கொடுத்தது. யோசிக்காமல் படித்துவிட்டேன். யார் காதில் போய் விழும் என்று நினைக்கவில்லை. உங்கள் கடிதம் வந்த அன்றே அதை எடுக்கச் சொல்லிவிட்டுக் கேட்டிலேயே நின்று புதிதாகப் பதிவு செய்தேன், பின்னால் டிராக்டர் சத்தம் கேட்கும். "இனிமே பழத்துக்கு உங்க நைனாவக் கூப்பிடறோம். நீங்க வீட்டுக்கு ஒரு போன் போடுங்க." இனி நம்பரை எடுக்கும்போது எல்லாப் பிள்ளைகளுக்கும் இதுதான் போகும். உங்களுக்குப் போகாது, உங்கள் நம்பரைத்தான் ஏற்கெனவே எடுத்தாயிற்றே.

அதனால் நானே எழுதுகிறேன். ஆலையில்தான் உங்கள் நம்பரை எடுத்தேன், என் போனிலிருந்து எடுக்கவில்லை. வேலை முடிந்து லாக்கரைத் திறந்ததும் கூப்பிடுங்கள். சண்டை வந்தால் வரட்டும், நான் வைக்கமாட்டேன்.

பிரமிளா