என் வாயில் வந்த மாமியார்

சாலையை அகலமாக்க இன்று புளியமரங்களை வெட்டினார்கள். பச்சை மரத்தின் வாசனை வீட்டுக்குள் வந்ததும் அடுப்பை அணைத்துவிட்டு உன்னை நினைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டேன். நீ கண்ணை மூடிய பிறகு என்னைக் கிண்டல் பண்ண ஊரில் சரியான ஆளே இல்லையடி.

இடஒதுக்கீட்டுப் போராட்டத்தில் சின்னசேலம் சாலை நெடுக மரம் வெட்டிப் போட்டிருந்தார்களே, அந்த வருசம். பஸ் சத்தம் இல்லை, ஆள் சத்தம் இல்லை. செத்துக் கிடந்த மரங்களில் இலை மட்டும் வாடாமல் ஆடிக்கொண்டிருந்தது. கல்வராயன் மலைப் பக்கம் மேகம் கட்டி நின்றது. உன் நிலத்தில் மரவள்ளிக் குச்சி நட ஆள் வரவில்லை. நானும் நீயும்தான்.

பிள்ளை இல்லாதவள் கை நடவில் படக்கூடாது என்பது நம் ஊர் வழக்கம். யாரும் சொல்லும் முன்னால் நானே சிரித்துக்கொண்டு ஒதுங்கிவிடுவேன். அன்றைக்கு நீ குச்சியை என் கையில் திணித்தாய். குனிந்தேன்.

"கையை எடுடி, பட்டுப்போயிடும்."

என் மாமியார் குரல். அவர் செத்து வருசமாகியிருந்தது. திரும்பினால் வெறும் வரப்பு.

நீ நிமிர்ந்து, "யார எடுக்கச் சொல்ற?" என்றாய்.

"உனக்கும் கேட்டுச்சா?"

"கேக்காம இன்னா? நீதானடி பேசின. உங்க மாமியார் மாதிரியே, மூக்கால."

அந்தக் கிழவி எவ்வளவு காலமாக உள்ளே குந்திக்கொண்டு பேசினாளோ, நான் அதை என் புத்தி என்றே நினைத்திருந்தேன்.

நட்டோம். மழை ஜாஸ்தியாகிப் பாதிக் குச்சி அழுகியது. "பார்த்தியா, என் கை" என்றேன். சொன்னது நானா, அவளா என்று தெரியாமல் வாயைப் பொத்திக்கொண்டேன்.

"நான் நட்டதுந்தான் அழுவிப்போச்சி. உன் கைக்கு அம்மாம் சக்தி இருந்தா, ரோட்டுல கெடக்கிற மரத்த நிமித்தி வையேன்" என்றாய். பிறகு, மெதுவாக: "ஊரு ஆயிரம் சொல்லும். அதுங்கூட சேந்துக்கினு நீயுமாடி உன்ன வையிற?"

அந்தக் கிழவி இன்னும் வருகிறாள். நேற்று பக்கத்து வீட்டு வளைகாப்பில் வளையலை எடுத்ததும் "கையை எடுடி" என்று வந்துவிட்டாள். உன்னைத்தான் எவ்வளவு கூப்பிட்டாலும் காணோம். அதனால் உன் பேச்சை, உன் குரலிலேயே, நானே சத்தமாகப் பேசினேன். "நீயுமாடி?"

பெண்கள் எல்லாம் என் வாயையே பார்த்தார்கள். மாசமாக இருந்தவளுக்கு வளையலைப் போட்டுவிட்டேன். அவள் கொஞ்ச நேரம் என் முகத்தைப் பார்த்துவிட்டு, அடுத்த கையையும் நீட்டினாள்.