பதினோராம் தாள்

மார்ச் 3, செவ்வாய்

செனட் மண்டபத்தைப் புதுப்பிக்கப்போகும் கட்டடக் கலைஞர் யாரென்று தெரிந்துவிட்டது. என் தங்கை.

பதினேழு வருஷமாகப் பல்கலைக்கழகத்தின் இந்தப் பழைய கட்டடத்துக்கு மேற்பார்வையாளர் நான். எந்த வளைவில் மழை ஒழுகும், வெள்ளைக்காரன் காலத்துச் சுண்ணாம்புப் பூச்சு எங்கே உதிரும், எல்லாம் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பதிவாளர் சிரித்துக்கொண்டே, "உங்க வீட்டுப் பொண்ணுதானே, உங்களுக்குப் பெருமைதான்" என்றார்.

பெருமையாம்.

மார்ச் 5

அம்மா போன் செய்து சந்தோஷத்தில் அழுதாள். நான் வேலைக்குச் சேர்ந்த அன்று அழவில்லை.

மார்ச் 9, திங்கள்

வந்துவிட்டாள். கூட்டிப்போய்ச் சுற்றிக் காட்டினேன். கோபுரப் படிக்கட்டில் நின்று அண்ணாந்து பார்த்தாள். "வளைவெல்லாம் வெள்ளைக்காரங்க ஊர் தேவாலயப் பாணி, அக்கா. ஆனா கல்லு செதுக்கினது நம்ம ஆளுங்க. பாரேன், சத்தமில்லாம ஒரு கிளியை உள்ள நுழைச்சிருக்காங்க!"

இத்தனை வருஷமாக அதைப் புறா என்று நினைத்திருந்தேன். உற்றுப் பார்த்தேன். கிளிதான். சனியன்.

கட்டடக் கலைப் படிப்புக்கு நாங்கள் இருவரும் எழுதியது ஒரே நுழைவுத் தேர்வு. எனக்கு ஆறு மதிப்பெண் குறைந்தது. நான்கு வருஷம் கழித்து அவள் எழுதி முதலிடம் வாங்கினாள். என் குறிப்பேடுகளைப் படித்துத்தான்.

மார்ச் 11

பழைய வரைபடங்களைக் கேட்டாள். பத்துத் தாள் கொடுத்தேன். பதினோராவது என் மேஜை இழுப்பறையில் இருக்கிறது. மண்டபத் தரைக்கு அடியில் ஒரு செங்கல் சுரங்கம் போவது அதில் மட்டும்தான் தெரியும். வெயில் காலத்தில் குளிர்ந்த காற்று வருவதற்காகக் கட்டியது. பிறகு யாரோ வாயை அடைத்துவிட்டார்கள்.

"இவ்வளவுதானாக்கா?"

"இவ்வளவுதான்."

இருபத்தைந்தாம் தேதி துணைவேந்தர் கூட்டம். அங்கே எல்லார் முன்னாலும் விரித்துக் காட்டுவேன். அப்போது அவள் முகம் போகிற போக்கைப் பார்க்க வேண்டும்.

மார்ச் 16

மாணவிகள் அவளோடு நின்று படம் எடுத்துக்கொண்டார்கள். எடுத்துக் கொடுத்தது நான்.

மார்ச் 20, வெள்ளி



கூட்டத்துக்குப் பிறகுதான் சாரம் கட்டுவார்கள் என்றிருந்தேன். கூரை உத்தரங்களை முன்னதாகவே பார்க்க வேண்டுமென்று இன்றே தொடங்கிவிட்டார்கள். எனக்குத் தெரியாது - நிஜமாகவே தெரியாது. நான் போனபோது நடு மண்டபத்தில் இரும்புக் குழாய்கள் மூன்று ஆள் உயரம். மேலே நான்கு பேர். கீழே அவள். அவள் காலடியில் ஒரு தளக்கல் விரிசல் விட்டிருந்தது.

கத்தினேன். "இறங்குங்க! எல்லாரும் இறங்குங்க! அடியில ஒண்ணுமே இல்ல, வெறும் பள்ளம்!"

அவளை இழுத்துக்கொண்டு ஓடினேன். கடைசி ஆள் குதித்து விலகியதும் தரை உள்ளே போயிற்று. சாரம் சரிந்து மேடைமேல் விழுந்தது. யாருக்கும் அடியில்லை. யாருக்கும் இல்லை.

தாளை எடுத்து வந்து நீட்டினேன்.

"எப்பக்கா கிடைச்சுது?"

"முதல்லேருந்தே எங்கிட்டதான் இருந்துச்சு."

ஏன் பொய் சொல்லாமல் விட்டேன்? அவள் தாளை மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

மார்ச் 25

"இவங்க மட்டும் இல்லன்னா நாலு உயிர் போயிருக்கும்" என்றார் பதிவாளர். துணைவேந்தர் எழுந்து வந்து கை கொடுத்தார். சுரங்கத்தைத் திறந்து அளந்து வரைபடம் தயாரிக்கும் பொறுப்பு எனக்கு.

"தரையைச் சோதிக்காமலா சாரம் போட்டீங்க?" என்று அவளைக் கேட்டார்கள்.

"என் தப்புதான்" என்றாள்.

நான் வாயைத் திறக்கவில்லை.

ஏப்ரல் 16, வியாழன்

செய்தித்தாளில் என் படம், சுரங்க வாசலில். வாழ்த்தாதவர்கள் இல்லை.

அவள் ஆட்கள் முன்னால் என்னை மேடம் என்கிறாள். தாள் விஷயத்தை யாரிடமும் சொல்லவில்லை, அம்மாவிடம்கூட. சொல்லித் தொலைத்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும்.

சுரங்கத்துக்குள் நாங்கள் இருவர் மட்டும் இருந்தபோது கேட்டேவிட்டேன். "ஏன்டி யார்கிட்டயும் சொல்லல?"

அளவு நாடாவிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "நீ சொல்லுவேன்னுதான் பாத்துட்டிருக்கேன்."

இதிலும் அவளே ஒரு படி மேலே. வயிறு எரிகிறது.

நாளை பத்து மணிக்குப் பதிவாளரைப் பார்க்க நேரம் வாங்கியிருக்கிறேன்.