உன்னிடம் சொல்லாத ஒரு சங்குப் பால்

அக்கா,

இன்று காலை எங்கள் பிளாக்குக்குக் கீழே கழுதைப்பால்காரர் வந்தார். பெரும்பாக்கத்து எட்டு மாடிக் கட்டடங்களுக்கு நடுவே அவர் குரல் சுவரில் மோதி மோதி மேலே ஏறியது. "கழுதப்பாலேய்... சளிக்கு, மாந்தத்துக்கு, மஞ்சக்காமாலைக்கு..." நான் மயிலாப்பூர் பஸ்ஸைப் பிடிக்கக் கிளம்பிக்கொண்டிருந்தேன். சாப்பாட்டு டப்பாவை மூடின கை அப்படியே நின்றுவிட்டது.

என் மாமியார் பால்கனிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார். பக்கத்து வீட்டில் பிரசவமாகி எட்டு நாள் ஆகிறது. அந்த வீட்டுக் கதவைப் பார்த்துக் கத்தினார்: "ஏம்மா, கூப்டு அந்தாள! என் பேத்திக்கு நான் குட்த்தேன். இன்னிக்கி பாரு, ஸ்கூல்ல பாட்டு பாடுனா நாலு தெருவுக்குக் கேக்குது. ஒரு சளி கீதா, ஒரு ஜுரம் கீதா?"

சித்ரா ஜடையைப் பின்னிக்கொண்டே சிரித்தாள். அவளுக்குப் பத்து வயது முடிந்துவிட்டது அக்கா.

நான் சிரிக்கவில்லை. வேலைக்கும் போகவில்லை. அவள் பள்ளிக்கூடம் போனதும், அவளுடைய போன வருஷத்து நோட்டில் எழுதாமல் விட்ட பக்கங்களைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். நான்காவது வரைக்கும் படித்தது இதற்குப் போதும். உன்னிடம் சொல்ல வேண்டியது ஒன்று இருக்கிறது. அதைச் சொல்வதற்கு முன்னால் கொஞ்ச நேரம் உன்னைப் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும் போல இருக்கிறது.

உன்னை நான் முதலில் பார்த்தது ஆஸ்பத்திரியில், ரத்தம் சோதிக்கிற அறைக்கு வெளியே. எனக்கு ஐந்தாம் மாதம். சோதனைக்கு வருகிறவர்களுக்கு ஆலோசனை சொல்கிற கவுன்சிலர் மேடம் கதவைச் சாத்திவிட்டு எச்.ஐ.வி. என்றார். அதற்குப் பிறகு அவர் வாய் அசைந்ததுதான் தெரிந்தது, காதில் ஒன்றும் விழவில்லை. வெளியே வந்து பெஞ்சில் உட்கார்ந்தேன். நீ பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "சாப்டியா?" என்று கேட்டாய். இல்லை என்றேன். பையிலிருந்து எலுமிச்சம் சாதத்தை எடுத்து டப்பா மூடியில் பாதி வைத்தாய். "துன்னு. நான் பதினோரு வருசமா இதோடதான் துன்னுகினு கீறேன்" என்றாய்.

நான் கையை இழுத்துக்கொண்டேன். எனக்கே இருக்கிறது என்று சொல்லி ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை, நீ தொட்ட சோற்றைத் தொட எனக்குப் பயம். நீ அதைப் பார்த்துவிட்டாய். "சோத்துலலாம் ஒட்டாதுடி. அப்டியே ஒட்டினாலும் உனக்குந்தான் கீதே, புச்சா இன்னா ஒட்டப்போவுது?" அழுதுகொண்டிருந்த நான் சிரித்துவிட்டேன். அந்தச் சோற்றின் புளிப்பு இன்னும் நாக்கில் இருக்கிறது.

நீயும் உன்னைப் போன்ற சில பெண்களும் ஒரு குழுவாகச் சேர்ந்து, இப்படித் தெரியவரும் கர்ப்பிணிகளின் வீடு வீடாகப் போய், மாத்திரை போடுகிறார்களா, குழந்தை சோதனைக்கு வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தீர்கள். என் வீட்டுக்கும் வருகிறேன் என்றாய். எனக்கு உயிரே போய்விட்டது. அப்போது நாங்கள் அடையாறு ஆற்றங்கரையில் இருந்தோம். ஒரு வீட்டில் தும்மினால் நாலு வீட்டில் கேட்கும். என் வீட்டுக்காரருக்கும் சோதனையில் இருந்தது. அவர் கோடம்பாக்கத்தில் சினிமா செட்டுக்கு பெயிண்ட் அடிக்கிறவர். ஊர் ஊராகப் போவார், வாரக்கணக்கில் வரமாட்டார். எங்கள் இரண்டு பேரைத் தவிர யாருக்கும் தெரியாது. மாமியாருக்குத் தெரிந்தால் என்னை அந்த நிமிஷமே தெருவில் நிறுத்துவார் என்று நம்பினேன்.

"யாருன்னு கேட்டா இன்னாக்கா சொல்றது?"

நீ யோசிக்கவேயில்லை. "நைட்டி விக்கிறவன்னு சொல்லு."

ரங்கநாதன் தெருவில் நாலு நைட்டி வாங்கிக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு வந்தாய். சும்மா காட்டுவதற்குத்தான். ஆனால் எங்கள் சந்தில் நுழைந்த உடனே பெண்கள் உன்னைச் சூழ்ந்துகொண்டார்கள். "இதுல எக்ஸெல் கீதாக்கா?" "பாக்கெட் வெச்சது கொண்டாரலியா?" என் வீட்டு வாசலுக்கு வருவதற்குள் பை காலி. என்னோடு பேச உனக்கு நேரமே இல்லை. அடுத்த முறை எட்டு நைட்டி கொண்டுவந்தாய். ஒருத்தி நீலம் வேண்டும் என்றாள், ஒருத்தி கை நீளமாக வேண்டும் என்றாள், நீ உண்மையாகவே தி.நகருக்கும் ஆற்றங்கரைக்கும் அலைந்தாய். "இந்த வியாதிகூட என்ன ஒண்ணும் பண்ணல. நைட்டிதான்டி கொல்லுது" என்று என் காதில் சொல்வாய். என் மாமியாரும் பெரிய சிவப்புப் பூப் போட்டது ஒன்று வாங்கினார். உனக்கு நைட்டி அக்கா என்றே பெயர் நிலைத்துவிட்டது.

சித்ரா பிறந்தாள். தினமும் காலையில் எட்டு மணிக்கு ஊசி இல்லாத சிரிஞ்சில் அவளுக்குச் சொட்டு மருந்து, ஆறு வாரத்துக்கு. எடை குறைவு, சத்து டானிக் என்று மாமியாரிடம் சொல்லிவைத்தோம். அதைவிடப் பெரிய விஷயம் பால். ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும்தான், வேறெதுவும் வாயில் போகக்கூடாது, தண்ணீர்கூட. ஏன் என்று கேட்டேன். என் வீட்டுக்காரர் வேலையை மனதில் வைத்து எனக்குப் புரிகிற மாதிரி சொன்னாய். "புள்ள குடலு இப்பதான் பெயிண்ட் அடிச்ச செவுரு. காயறதுக்குள்ள வேற எதுவாச்சும் பட்டா கீறிடும். உன் பால்ல கீற கிருமி அந்தக் கீறல் வழியா உள்ள பூந்துடும்."

ஒன்பதாம் நாள் நீ வந்திருந்தாய். தரையில் நைட்டிகளைப் பிரித்துப் போட்டுக்கொண்டிருந்தாய். அக்கம்பக்கத்துப் பெண்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருந்தார்கள். மாமியார் கீரைக்கூடையை இறக்கி வைத்துவிட்டு, "நாளிக்கி கழுதப்பால்காரன வரச் சொல்லிகீறேன்" என்றார்.

உன் கை நின்றது. "வாணாம்மா. தாய்ப்பாலே போதும்."

"இவ புருசன் கழுதப்பால் குட்ச்சி வளந்தவன். கல்லு மாதிரி இல்ல?"

"ஆஸ்பத்திரில குடுக்கக் கூடாதுன்றாங்கம்மா. கொயந்தைக்கு ஆவாது."

"இந்தா, நீ நைட்டி விக்க வந்தியா, புள்ள வளக்க வந்தியா? நைட்டிக்காரிக்கு இதப் பத்தி இன்னா தெரியும்? போன தபா குட்த்தியே, சாயம் போயி என் பாவாடையெல்லாம் செவப்பு. மொதல்ல அத்தப் பாரு!"

எல்லோரும் சிரித்தார்கள். நீயும் சிரித்தாய். பிறகு என்னைப் பார்த்தாய்.

நீ யார், எதற்கு வருகிறாய் என்று சொல்லியிருந்தால் மாமியார் உன் பேச்சைக் கேட்டிருப்பார். ஆனால் எனக்கு நீ முதல் நாளே வாக்குக் கொடுத்திருந்தாய். "உன் விசயம் உன் வாயாலதான் வெளிய வரணும், என் வாயால வராது." அன்றைக்குச் சொல்ல வேண்டியவள் நான்தான். நான் குனிந்து ஒரு நைட்டியின் பொத்தானைப் போட்டுக் கழற்றிக்கொண்டிருந்தேன். கிளம்பும்போது சந்து முனையில் என் கையைப் பிடித்துக்கொண்டு, "எப்டியாச்சும் தடுத்துடு கண்ணு" என்றாய். தலையை ஆட்டினேன்.

மறுநாள் குளித்துவிட்டு வருகிறேன், வாசலில் கழுதை நிற்கிறது. மாமியார் கால்களை நீட்டி உட்கார்ந்து குழந்தையை மேலே போட்டிருந்தார். "ஒரு சங்கு. மொத்தமும் குட்ச்சிட்டா கள்ளி!" என்று சங்கைக் கவிழ்த்துக் காட்டினார். அவருக்கு அவ்வளவு சந்தோஷம். சித்ராவின் உதட்டோரம் வெள்ளையாக இருந்தது. நான் முந்தானையால் துடைத்தேன். துடைத்துக்கொண்டே இருந்தேன்.

இரண்டு நாள் கழித்து நீ வந்தாய். யாரும் இல்லாத நேரம் பார்த்துக் கேட்டாய். "வேற எதுவும் வாயில போவலியே?"

"இல்லக்கா."

"கழுதப்பாலு?"

"அவன் வரலக்கா."

இதுதான் அக்கா நான் சொல்ல வந்தது. அவன் வந்தான். நான் பொய் சொன்னேன்.

நீ கண்ணை மூடி மூச்சு விட்டாய். "ரெண்டு நாளா தூக்கமே இல்லடி. வாயத் தொறந்து சொல்லியிருக்கணுமோன்னு" என்றாய். அதைக் கேட்ட பிறகு நான் எப்படிச் சொல்வேன்? என் மானத்துக்காக நீ வாயை மூடிக்கொண்டதால்தான் அது நடந்தது என்று ஆகிவிடாதா? திட்டு வாங்கப் பயம் என்று நினைத்துக்கொள்ளாதே. நீ யாரையும் திட்ட மாட்டாய். நீ உன்னையே திட்டிக்கொள்வாய். அதுதான் பயம்.

ஆறாவது வாரம் சித்ராவின் குதிகாலில் குத்தி அட்டையில் ரத்தச் சொட்டு வைத்தார்கள். இல்லை என்று வந்தது. ஆறாம் மாதம் இல்லை. ஒரு வயதில் இல்லை. ஒவ்வொரு முறையும் நீ என் பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை உரித்துக் கொடுத்தாய். "எல்லா அம்மாவும் பயப்படுவாங்க, நீ இன்னாடி இப்டி நடுங்குற?" என்று முதுகைத் தேய்த்தாய். ஒன்றரை வயதில் எடுப்பதுதான் கடைசிச் சோதனை, அதுவரை எதுவும் நிச்சயமில்லை. அந்த ஒன்றரை வருஷமும் நீ பக்கத்தில் இருந்தும் நான் தனியாகத்தான் இருந்தேன், அக்கா. நானே என்னைத் தனியாக்கிக்கொண்டேன்.

கடைசி ரிப்போர்ட்டை நீதான் வாங்கினாய். வராந்தாவில் நீ போட்ட சத்தத்தில் நர்ஸ் ஓடிவந்து, "யாருக்கு இன்னா ஆச்சு?" என்று கேட்டார். "ஒண்ணும் ஆவல மேடம், அதான் கத்தறேன்!" என்றாய். சித்ராவைத் தூக்கித் தலைக்கு மேல் பிடித்தாய். அவள் உன் மூக்குத்தியைப் பிடுங்கப் பார்த்தாள். அன்றைக்கே நேராக தி.நகர் போய் அவளுக்கு ஒரு கவுன் வாங்கினாய். கால் தடுக்குகிற அளவுக்குப் பெரியது. "வளர்ற புள்ளதானே, இனிமே இன்னா, வளருவா" என்றாய்.

அப்போது சொல்லிவிடலாம் என்று வாயைத் திறந்தேன். நீ முந்திக்கொண்டாய். "நீ சொன்ன பேச்சக் கேட்டே பாரு, அதான்டி" என்று என் தாடையைப் பிடித்துக் கொஞ்சினாய். நான் வாயை மூடிக்கொண்டேன்.

அப்புறம் ஆற்றங்கரை வீடுகளை எடுத்துவிட்டு எங்களை இங்கே கொண்டுவந்து போட்டார்கள். நீ அவ்வளவு தூரமும் பஸ் மாறி வந்தாய், வேறு பெண்களுக்காகவும். பையில் நைட்டி இருந்தது. பிறகு உனக்குக் கிட்னி கெட்டது. ஆஸ்பத்திரியில் உன்னைப் பார்க்க வந்தபோது கால் வீங்கியிருந்தது. உன் தங்கை பக்கத்திலேயே இருந்தார். "சித்ரா எப்டி கீறா?" என்றுதான் கேட்டாய். "நல்லா கீறாக்கா" என்றேன். அதற்கு மேல் அங்கே என்ன சொல்ல முடியும்? அடுத்த வாரம் தனியாக இருக்கும்போது சொல்லலாம் என்று திரும்பினேன். அடுத்த வாரம் நீ இல்லை.

அசோக் நகரில் உன் தங்கை வீட்டு வாசலில் உன்னைக் கிடத்தியிருந்தார்கள். ஒவ்வொருத்தியாக வந்தார்கள். கைக்குழந்தையோடு, பள்ளிக்கூடச் சீருடை போட்ட பிள்ளையோடு. உன் தங்கை ஒவ்வொருத்தியையும் கேட்டார், "எப்டிம்மா பழக்கம்?" முதலில் வந்தவள் "நைட்டி வாங்குவேங்க" என்றாள். அடுத்தவளும் நைட்டி என்றாள். நானும் அதையே சொன்னேன். எனக்குப் பின்னால் இருந்தவளும் அதையே சொன்னாள். "எங்கக்கா இவ்ளோ நைட்டியா வித்தா? அவளுக்குன்னு ஒரு நல்ல சேல வாங்கிக்கலியே!" என்று உன் தங்கை அழுதார். நாங்கள் ஒருவரை ஒருவர் பார்த்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டோம். உன்னைப் பற்றி ஒரு வார்த்தை சத்தமாகச் சொல்ல எங்களில் ஒருத்தியாலும் முடியவில்லை. நீ எங்களுக்குக் கொடுத்த வாக்கை அன்று நாங்கள் உனக்குக் காப்பாற்றினோம் என்று நினைத்துக்கொள்கிறேன்.

நீ போன பிறகு ஒரு நாள் கவுன்சிலர் மேடத்திடம் யாருக்கோ நடந்தது போலக் கேட்டேன். ஒரு சங்குதான் போயிற்று, அது பெரிய ஆபத்தா என்று. அவர், "செய்யக் கூடாதுதான். ஆனா அம்மா மாத்திரைய ஒழுங்கா போட்டு, சொட்டு மருந்தும் விடாம குடுத்திருந்தா, ஒரு தடவைக்கு அவ்ளோ பயப்படத் தேவையில்ல. அப்பவே சொல்லியிருந்தா அந்தம்மாவுக்கு நிம்மதியா இருந்திருக்கும்" என்றார். நீயும் இதைத்தான் சொல்லியிருப்பாய். ஒரு நிமிஷம் உன்னையே திட்டிக்கொண்டிருப்பாய், அப்புறம் வேர்க்கடலை உரித்திருப்பாய். அவ்வளவுதான் ஆகியிருக்கும்.

மாமியாருக்கு இன்னும் சொல்லவில்லை. அவருக்கு வயதாகிவிட்டது, எனக்கும் அந்தத் தைரியம் வரவில்லை. ஆனால் ஒன்று மாறியிருக்கிறது. போன மாதம் மாத்திரை வாங்கப் போனேன். வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மூன்று பேரும் மாத்திரையை ஒரு நாளும் விடவில்லை என்று நர்ஸிடம் சொன்னார்கள். என்னைக் கேட்டதும், "ரெண்டு நாள் விட்டுட்டேன் மேடம். நாத்தனார் வீட்டு விசேஷம், ஒரே ரூம்ல பத்து பேரு, பையத் தொறக்க முடியல" என்றேன். நர்ஸ் நிமிர்ந்து பார்த்தார். திட்டவில்லை. எழுதிக்கொண்டு, அடுத்த முறை வெளியூர் போனால் என்ன செய்யலாம் என்று பொறுமையாகச் சொன்னார்.

இப்போது யார் கேட்டாலும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன். சொன்ன பிறகு ஒவ்வொரு தடவையும் பக்கத்தில் திரும்பிப் பார்க்கிறேன். கேட்டவள் நீ இல்லை, அக்கா.

உன்
செல்வி