மரத்துக்குப் பின்னால் தொட்டி

அன்பு மகளுக்கு,

நேற்றுக் காலை உன் அப்பன் தீவுக்கே வேடிக்கை காட்டினான். கரை திரும்பும்போது படகை மணல்திட்டில் ஏற்றிவிட்டு, முழங்கால் தண்ணீரில் இறங்கி, சண்டி மாட்டைத் தள்ளுவதுபோல் தள்ளிக்கொண்டிருந்தேன்.

முந்தாநாள்தான் உன் சித்தப்பாவிடம், "கண்ண மூடிக்கிட்டே உள்ள வருவேன்டா" என்று பெருமையடித்திருந்தேன். அவன் கரையில் நின்று கத்தினான்: "அண்ணே, ஒரு கண்ணையாவது திறந்திருக்கலாம்ல!"

உன் அம்மா சிரித்து முடித்துவிட்டு, "மககிட்ட சொல்லிக் கண்ணாடி வாங்கி அனுப்பச் சொல்லுங்க" என்றாள்.

"ஆமா, வயசாச்சுல்ல" என்று நானும் தலையாட்டிவிட்டேன்.

நம் வழி உனக்குத் தெரியும். கரையிலுள்ள ஒற்றை மரத்துக்குப் பின்னால் தண்ணீர்த் தொட்டி முழுதாக மறைந்தால், அதற்கு நேரே ஆழம். எந்தப் படகும் தரை தட்டாது. சின்ன வயதில் நீ முன்னால் உட்கார்ந்துகொண்டு, "மறைஞ்சிடுச்சுப்பா!" என்று கத்துவாய்.

இந்த வருஷம் மீன்கூட மாசம் மாறி வருகிறது. எனக்கு ஒன்றும் பிடிபடவில்லை. கண் கெட்டதென்றால் கண்ணாடி போட்டுக்கொள்ளலாம். நாளைக்கும் எல்லாப் படகும் அந்த வழியில்தான் வரும். இதை மற்ற படகுக்காரர்களிடம் எப்படி ஆரம்பிப்பது என்றுதான் காலையிலிருந்து முழிக்கிறேன்.

கண்ணாடி அனுப்பாதே. படகு தட்டியபோது நான் நன்றாகப் பார்த்தேன், மகளே. தொட்டி மரத்துக்குப் பின்னால் முழுதாக மறைந்துதான் இருந்தது.

உன் அப்பா