களத்தில் எனக்கு மறந்துபோனது

இன்று பரணை ஒழித்தேன். எலி கடித்த சாக்குக்குள் உன் இடது கால் செருப்பு கிடந்தது. குதிகால் வைக்கும் இடத்தில் பழஞ்சேலையை நாலாக மடித்துத் தைத்திருக்கிறாய். ரப்பர் நாற்றம் இன்னும் போகவில்லை. கூப்பிட்டுக் காட்ட வீட்டில் ஆளில்லை. மகன் பெண்டாட்டி பிள்ளைகளோடு கணியம்பாடியில் இருக்கிறான். பேரப்பிள்ளைகள் பொங்கலுக்கு வந்தால் உண்டு. அதனால் உனக்கு எழுதுகிறேன். மூன்றாம் வகுப்பு எழுத்து. சிரிப்பதென்றால் சிரித்துக்கொள்.

என் கொழுந்தனுக்கு வாக்கப்பட்டு நீ இந்த மலைக்கு ஏறி வந்த நாளில் கட்டியிருந்த சேலையின் கரைகூட எனக்கு ஞாபகம் இருக்கிறது. இரண்டாம் வருஷம் உன் இடது குதிகாலில் உளுந்தளவு கறுப்பு வந்தது. "காரை முள்ளு ஒடிஞ்சி உள்ளயே நின்னுட்டுது" என்றாள் நம் மாமியார். வெறுங்காலோடு காடு சுற்றுகிறவர்களுக்கு முள் பெரிய சங்கதியா? உன் காலை மடியில் போட்டு ஊக்கால் நோண்டியவள் நான்தான். முள் வரவில்லை. சேங்கொட்டையைச் சுட்டு எண்ணெய் வைத்தேன். கறுப்பு அகலமாகிக்கொண்டே போனது. மறுபடி நோண்டினேன். அப்படியே ஒரு வருஷம் போயிற்று.

மலையடி ஊரான அமிர்திக்கு வந்த நர்சம்மா பார்த்துவிட்டுத்தான் டவுன் ஆஸ்பத்திரிக்கு விரட்டினாள். அது முள் அல்ல, தோலில் வரும் கறுப்புப் புற்று என்றார்கள். குதிகால் சதையை எடுத்துத் தொடைத்தோலை ஒட்டினார்கள். தொடையிடுக்கில் இருந்த கட்டியையும் எடுத்தார்கள். துணைக்கு இருந்தவள் நான். டாக்டரம்மா என்னை வெளியே அழைத்து, "ரெண்டு வருஷம் தாண்டறது கஷ்டம். தாண்டிட்டா பாக்கலாம். மூணு மாசத்துக்கு ஒரு தடவை கூட்டிட்டு வாங்க. செருப்பில்லாம ஒரு அடி வைக்கக் கூடாது" என்றாள். வீட்டுக்கு வந்து நான் சொன்னதில் எல்லார் காதிலும் நின்றது முதல் பேச்சு மட்டும்தான்.

அந்த வருஷம் சாமை அறுத்துப் போரடித்த அன்று, விதைச் சாமையை அள்ளும் சுரைக்குடுக்கையை மாமியார் என் மடியில் வைத்தாள். நம் வீட்டு வழக்கம் உனக்கே தெரியும்: சின்ன மருமகள்தான் விதை கட்ட வேண்டும், கட்டிய கையே அடுத்த ஆடியில் அவிழ்க்க வேண்டும். செருப்போடு களத்தில் கால் வைக்கக் கூடாது என்று ஒரு சாக்கும் கிடைத்தது. நீ களத்துக்கு வெளியே நின்று பார்த்தாய். கிழவியை அதற்காக நான் இன்றுவரை மன்னிக்கவில்லை. ஆனால் குடுக்கையை வாங்கிக்கொண்டேனே.

அதற்குப் பிறகு உன் எதிரில் யாரும் "அடுத்த வருஷம்" என்று சொன்னதில்லை. கூரை மாற்றுவதையோ எருது வாங்குவதையோ பேசிக்கொண்டிருப்போம், நீ உள்ளே வந்தால் வாயை மூடிக்கொள்வோம். நீ விடுவாயா? "இன்னாக்கா, மூங்கில் வெட்டியாச்சா? பாடை கட்ட ஆள் சொல்லி வுட்டாச்சா?" என்பாய். எனக்குச் சிரிப்பும் வரும், உன் தலையில் குட்டவும் தோன்றும். உன் புருஷன் மட்டும் சிரிக்க மாட்டான். பிள்ளைப் பேச்சை நீ எடுத்தால், "பெத்துப்போட்டுட்டு நீ போய்ட்டா?" என்று எழுந்து போய்விடுவான்.

இரண்டு வருஷம் தாண்டியது. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை போய்க் காட்டியது ஆறு மாதத்துக்கு ஒரு தடவையானது. ஐந்தாம் வருஷம் முடிந்து போனோமே, அன்று டாக்டரம்மா காலைத் தடவிப் பார்த்தாள், இடுக்கை அமுக்கிப் பார்த்தாள். பிறகு நம் இருவரையும் உட்கார வைத்துச் சொன்னாள்: "மொத நாள் நான் சொன்ன கணக்கு இன்னிக்கு செல்லாதும்மா. நீ தாண்டி வந்த ஒவ்வொரு வருஷமும் உன் பக்கம் சேந்துடுச்சி. பயம் சுத்தமா போய்ட்டுதுன்னு சொல்ல மாட்டேன், எப்பனா திரும்பலாம். ஆனா அன்னிக்கு இருந்த பயம் இப்ப இல்ல. இனிமே வருஷத்துக்கு ஒரு தடவை வந்தா போதும்." பிள்ளை பெற்றுக்கொள்ளலாமா என்று கேட்டாய். "தாராளமா" என்றாள். என் கையைப் பிடித்து அமுக்கினாய். "அக்கா, வூட்ல நீதான் சொல்லணும். நா சொன்னா யாரும் நம்ப மாட்டாங்க. நீ மறக்கற ஆளே கெடையாது."

திரும்பி வந்த பஸ்ஸில் உனக்குச் சந்தோஷம் தலைக்கேறியிருந்தது. எல்லாரும் கேட்கும்படி, "ஊக்கால நோண்டியே என்னை அனுப்பிடலாம்னு பாத்தியே அக்கா, முடியலியே!" என்றாய். பஸ்ஸே சிரித்தது. நீ விளையாட்டுக்குத்தான் சொன்னாய். அது எனக்கு அப்போதே தெரியும். ஆனாலும் ஐந்து வருஷமாக நானே எனக்குள் சொல்லிக்கொண்டிருந்ததை நீ வாய்விட்டுச் சொல்லிவிட்டாய். அமிர்தியில் இறங்கி மலையேறும்வரை நான் உன்னோடு பேசவில்லை. டாக்டரம்மா சொன்னதை வீட்டிலும் யாரிடமும் சொல்லவில்லை.

கார்த்திகையில் களம். சாமை குவிந்து கிடந்தது. நீ வெளியே நின்றபடியே கேட்டாய்: "அத்தே, இந்த வருஷம் குடுக்கைய என் கையில குடுங்க."

"உனக்கெதுக்கும்மா செரமம்?"

"செரமம் ஒண்ணுமில்ல. டாக்டரம்மா இன்னா சொன்னாங்கன்னு அக்காவ கேளுங்க."

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். உன் புருஷன் முறத்தைக் கீழே வைத்துவிட்டு வாய் திறந்து நின்றான். என் மடியில் குடுக்கை இருந்தது.

"ஆஸ்பத்திரி கூட்டத்துல இன்னா சொன்னாங்களோ, எனக்கு நெனவில்ல" என்றேன்.

நீ சண்டை பிடித்திருந்தால் நானும் பிடித்திருப்பேன். "அப்படியாக்கா" என்று மட்டும் சொன்னாய். செருப்பைக் கழற்றினாய். வெறுங்காலோடு களத்துக்குள் வந்து ஒரு கை சாமையை முந்தானையில் முடிந்துகொண்டு போனாய். "அண்ணிக்கே நெனவில்லன்னா, இவளா கட்டிச் சொல்றா" என்று உன் புருஷன் முனகியது என் காதில் விழுந்தது. உனக்கும் விழுந்திருக்கும்.

அதற்குமேல் ஆறு வருஷம் இருந்தாய். ஒவ்வொரு வருஷமும் தனியாகவே பஸ் ஏறிப் போய்க் காட்டிவிட்டு வந்தாய். ஒவ்வொரு முறையும் ஒன்றுமில்லை என்றுதான் அனுப்பினார்கள். கடைசியில் மஞ்சள்காமாலை மூன்று வாரத்தில் உன்னைக் கொண்டுபோயிற்று. "அந்த நோயிதான், வுடுமா?" என்று ஊர் பேசியது. "இது வேற, அது வேற" என்று நான் கத்தினேன். துக்கத்தில் உளறுகிறாள் என்று எனக்குத் தண்ணீர் கொடுத்தார்கள்.

போன கார்த்திகையில் உன் புருஷன் என் எதிரே சாப்பிட்டுக்கொண்டிருந்தான். தலை நிமிராமல் கேட்டான்: "அண்ணி, அன்னிக்கு களத்துல அவ கேட்டாளே. நெசமாவே ஒங்களுக்கு மறந்து போச்சா?"

"மறக்கல" என்றேன். டாக்டரம்மா சொன்னதை ஒரு சொல் விடாமல் சொன்னேன். தாராளமா என்றதையும் சொன்னேன். அவன் பாதிச் சோற்றில் கை கழுவினான். பிறகு இந்த வாசல் மிதிக்கவில்லை. சந்தவாசலில் அக்காள் வீட்டோடு இருக்கிறானாம்.

என் வயதுக்காரிகள் பேரன் பெயரையே மாற்றிக் கூப்பிடுகிறார்கள். எனக்கு அந்த வரமும் வாய்க்கவில்லை. டாக்டரம்மா மூச்சு விட்ட இடம்கூடத் தெரிகிறது. அப்போது வெளியே குழந்தை ஒன்று அழுதது, உன் கை ஈரமாக இருந்தது. சில நாள் அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்து சத்தமாகச் சொல்கிறேன்: நீ தாண்டி வந்த ஒவ்வொரு வருஷமும் உன் பக்கம் சேந்துடுச்சி. நன்றாகத்தான் சொல்கிறேன். கேட்கத்தான் வீட்டில் யாரும் இல்லை.