மேஜையிலிருந்து இறங்குவது

அன்பு மகனுக்கு அம்மா எழுதுவது. இங்கே அப்பாவும் தங்கையும் நானும் உடம்புக்கு ஒரு குறையுமில்லாமல் இருக்கிறோம், அங்கே நீயும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு நன்றாக இருக்க வேண்டும். நாலைந்து முறை போன் செய்தாய், நான்தான் எடுக்கவில்லை. எடுத்திருந்தால் கண்டபடி கத்தியிருப்பேன், எழுதினால் கொஞ்சம் நிதானம் வரும் என்று பார்த்தேன், வருகிற மாதிரித் தெரியவில்லை.

நீயே எழுதி நடிக்கிற டிவி தொடரைப் பற்றித்தான். முதலில் நானும் விழுந்து விழுந்து சிரித்தவள்தான். குள்ள நடிகன் என்றால் குரங்கு வேஷமும் பொம்மை வேஷமும் தவிர வேறு கொடுக்காத ஆட்களை நீ வாங்கு வாங்கென்று வாங்கியதைப் பார்த்து, என் பிள்ளை நமக்காகப் பேசுகிறான் என்று தெருவெல்லாம் சொல்லித் திரிந்தேன். பிறகு அந்தத் தயாரிப்பாளர் வேஷக்காரன் உன்னை இடுப்பில் பிடித்துத் தூக்கி மேஜைமேல் வைத்து, இப்ப சொல்லுங்க சார், காது கேக்குது என்கிற காட்சி வந்தது. அது என்னடா என்று கேட்டதற்கு, சிரிப்பு தூக்குறவன்மேலதாம்மா, என்மேல இல்ல, ஜனங்களுக்குப் புரியும் என்றாய். ஜனங்களுக்கு என்ன புரிந்திருக்கிறது என்று கேள்.

போன வாரம் தையல் கடையில் ஒரு கோட்டுக்குத் துணி வெட்டிக்கொண்டிருந்தேன். கால்சட்டை நீளம் குறைக்கக் கொடுத்திருந்த ஒரு ஆள், கார் ஷோரூம் மேனேஜராம், வாங்க வந்தான். இன்னும் ஆகவில்லை, சாயங்காலம் வாங்க என்றேன். அவ்வளவுதான், பல்லை இளித்துக்கொண்டு வந்து, கத்திரிக்கோல் கையில் இருக்கும்போதே என்னைத் தூக்கி கட்டிங் மேஜைமேல் வைத்து, இப்ப சொல்லுங்க மேடம், காது கேக்குது என்றான். பட்டனுக்குக் காஜா எடுக்கிறவர் சிரித்தார். மாஸ்டர், மாஸ்டர் என்று இத்தனை வருஷம் என்னைக் கேட்காமல் ஒரு துணியைத் தொடாத முதலாளியும் சிரித்தார். உனக்கும் எனக்கும் ஒரே உயரம், என் உடம்பிலிருந்து வந்ததுதான் உனக்கும், ஆனாலும் அந்தக் கடையில் அதுவரை ஒருவரும் என்னைக் குள்ளச்சியாகப் பார்த்ததில்லை. உன் காட்சி தூக்கி வைத்ததோடு முடிந்துவிடுகிறது, எனக்கு முடியவில்லை. நான் ஏறி நின்று வெட்டுகிற ஸ்டூல் தள்ளிப் போய்விட்டது. குப்புறப் படுத்து, உடுப்பை ஒரு கையால் இழுத்துப் பிடித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டுத் துழாவித் துழாவி இறங்கினேன். அப்போது ஒருவரும் சிரிக்கவில்லை, கை கொடுக்கவும் இல்லை, ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றார்கள். நீ காட்ட வேண்டியது அதைத்தானே, அதை ஏன் விட்டாய்? அந்த ஆளின் கால்சட்டையைத் தொட மாட்டேன் என்று தூக்கிப் போட்டுவிட்டேன், முதலாளி முணுமுணுக்கிறார், முணுமுணுக்கட்டும். விடு, பிள்ளை பிழைப்பைக் கெடுக்காதே என்கிறார் உன் அப்பா. வாசல் நிலை உயரம் இருக்கிற மனுஷர், அவரை யார் தூக்கப் போகிறார்கள்.

பல்வலி என்றாயே, தள்ளிப் போடாமல் டாக்டரிடம் காட்டு. கோபம் இருந்தாலும் வாழ்த்தாமல் இருக்க முடியுமா, நோய்நொடியில்லாமல், நல்ல பெயரோடு நீ நன்றாக இரு. பதிலில் ஒன்று மட்டும் மறக்காமல் எழுது. நேற்று அந்தக் காட்சியைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன், அந்த மேஜை என் மேஜையைவிட உயரம். எடுத்து முடித்ததும் உன்னை யாரப்பா இறக்கிவிட்டார்கள்?

கோபம் தீராத
உன் அம்மா