வாளிக்குள் ஒரு மக்காச்சோளம்

அன்பு அக்கா எவ்லாலியாவுக்கு, அயோவா சோயா சாம்ராஜ்யத்தின் களைபறிப்புச் சக்கரவர்த்தி ஹசிந்தோ வணங்கி எழுதுவது. நான் நலம், யானைபோலத் தின்கிறேன். உன் முழங்கால் வலி எப்படி?

இங்கே ஒரு விந்தை கேள். களைமருந்து அடித்தால் புல்பூண்டெல்லாம் சாகிறது. போன வருஷ அறுவடையில் சிந்திய மக்காச்சோளம் மட்டும் முளைத்துச் சிரிக்கிறது. அந்த மருந்துக்கே சாகாத விதையாம்! சோயாவுக்குள் அதுதான் களை; கையால்தான் பிடுங்கவேண்டும். ஒவ்வொன்றுக்கும் சிலுவை போட்டுக்கொண்டே ஒரு கோடி செடி பிடுங்கியிருப்பேன்.

மேஸ்திரி வெர்லின், “என்னய்யா, இது வயலா கோயிலா?” என்றான்.

“எங்க ஊர்ல சோளத்தை மிதிச்சாலே அக்கா முதுகுல போடுவா, மேஸ்திரி.”

“வயல்ல ஒண்ணு நின்னாலும் அடுத்த வருஷம் உன்னைக் கூப்பிட மாட்டேன்!”

வயலில் ஒன்றும் நிற்கவில்லை, அக்கா. ஒன்றே ஒன்றை வேரோடு எடுத்து, அறை வாசலில் வாளியில் நட்டிருக்கிறேன். ஊர்க்கதையெல்லாம் அதனிடம்தான் பேசுகிறேன்.

வயலுக்குக் கூட்டிப்போகிற வண்டிக்காரன் ஹாரன் அடிக்கிறான். காய்ந்த மிளகாய் அனுப்பு. அத்தானிடம் மறக்காமல் கேட்டு எழுது: தனியாக நிற்கிற சோளம் மணி பிடிக்குமா?

உன் தம்பி